சைலன்சர் பிராக்கெட்டும் 330 ரூபாய் ரப்பர் புஷ்ஷும்

வால்பாறையிலிருந்து தனியாக இறங்கிக்கொண்டிருந்தேன். லேசான தூறல். அட்டகட்டிக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்த்தபோது பின்னால் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். செயின்தான் அறுந்துவிட்டது என்று நினைத்து ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால் சைலன்சரின் பின்பக்கம் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்குகிறது. அதைச் சட்டத்தோடு பிடித்திருந்த பிராக்கெட் வெல்டு ஓரமாகவே கிழிந்துபோயிருந்தது. ஐந்தாறு கிலோ எடையுள்ள மொத்தக் குழாயும் அப்போது இன்ஜின் தலையில் இருக்கும் இரண்டு எட்டு மில்லி ஸ்டட்டுகளை (தலையில்லாத மரைக் கம்பிகள்) மட்டும் நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. என்னுடையது 2008 மாடல், 350 சிசி, ஒற்றை சிலிண்டர் வண்டி. இரண்டாம் கையாக வாங்கி, பிறகு பக்கவாட்டுப் பைகள், பின் கேரியர் எல்லாம் மாட்டி, நீண்ட பயணத்துக்கென்றே வைத்திருக்கிறேன். அதன் மேல் எனக்கு இருக்கும் பாசத்தை இங்கே விளக்கப்போவதில்லை. அந்த வளைவில் நின்றபோது பயமாகத்தான் இருந்தது. போனில் சிக்னல் இல்லை, பொழுது சாய இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

முதல் தவறு அங்கேயே நடந்தது. பையைக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து சைலன்சரைத் தூக்கிக் கட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, உருகிச் சொட்டியது. குழாயில் ஒட்டிக்கொண்ட கறுப்புக் கறை இன்றைக்கும் இருக்கிறது. அப்போது மேலேயிருந்து வந்த பிக்அப் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, "ஏனுங், நின்னுபோச்சுங்களா?" என்று கேட்டார். அவர் வண்டியில் கிடந்த கட்டுக்கம்பிதான் என்னைக் காப்பாற்றியது. குழாய் ஆறும் வரை முக்கால் மணி நேரம் காத்திருந்து, கம்பியை இரட்டையாக மடித்து, குறட்டால் முறுக்கிக் கட்டினேன். கட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பியை மேலே இருக்கும் சட்டத்திலோ கேரியரிலோதான் கட்ட வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், அதில் கட்டிவிடாதீர்கள். பள்ளத்தில் விழும்போதெல்லாம் அது மேலும் கீழும் ஆடும், ஆட்டத்தில் கம்பி அறும், இல்லையென்றால் ஸ்டட்டை நெம்பிவிடும். பிரேக் ஹோஸ், ஒயர் எதன் மேலும் கம்பி உரசக் கூடாது. இப்போது என் டூல் பையில் இரண்டு மில்லி கம்பி ஒன்றரை மீட்டர் எப்போதும் இருக்கிறது. அன்று முப்பதைத் தாண்டாமல் ஓட்டிப் பொள்ளாச்சி வந்து சேர்ந்தபோது இரவு ஏழரை.

பொள்ளாச்சியில் சாலையோர வெல்டிங் கடை ஒன்று திறந்திருந்தது. சைலன்சரைக் கழற்றாமலேயே, அடியில் ஒரு ஜாக்கியை வைத்து முட்டுக்கொடுத்து உயர்த்தி, பிராக்கெட்டின் இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பிடித்து, அப்படியே பற்றவைத்தார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றவில்லை. வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பை முன்பக்கச் சட்டத்தில் மாட்டினார்கள். பெட்ரோல் டாங்க் மேலே அப்படியே இருந்தது. 250 ரூபாய். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். என்ன கேட்க வேண்டும் என்றே அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் பேட்டரி சார்ஜ் ஏறுவது நின்றது, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, புதிதாக மாற்ற 1,400 ரூபாய். வெல்டிங்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வண்டியில் வைத்து வெல்டு செய்யும்போது மின்சாரம் எர்த் கிளாம்பைத் தேடி எந்த வழியாக வேண்டுமானாலும் ஓடும், வழியில் ரெகுலேட்டரோ இக்னிஷன் யூனிட்டோ இருந்தால் அடிபடும். சைலன்சரைக் கழற்றிக் கொண்டுபோய் வெல்டு செய்வதுதான் சரி. வேறு வழியே இல்லை என்றால் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள், டாங்க்கை இறக்கித் தள்ளி வையுங்கள். இரண்டு போல்ட் கழற்றும் வேலையைச் சோம்பலால் விட்டு உயிரோடு விளையாட வேண்டாம்.

மூன்று வாரம் ஓடியது. அந்த மூன்று வாரமும் வலது கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டில் ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருந்தது. எழுபதைத் தாண்டினால் உள்ளங்கால் மரத்துப்போகும். பழைய வண்டி, ஒற்றை சிலிண்டர், அதிர்வு இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு அவிநாசி சாலையில் ஒரு காலை நேரத்தில் பிராக்கெட் மறுபடி விட்டது. இந்த முறை பழைய வெல்டில் விடவில்லை, அதற்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி, நல்ல இரும்பில் விட்டது. வேறொரு கடையில், "தகடு மெல்லிசு, அதான்" என்று சொல்லி ஆறு மில்லி தகடு வெட்டி வைத்துப் பற்றினார்கள். 450 ரூபாய். பார்க்க யானைக்குப் போட்ட சங்கிலி மாதிரி பலமாக இருந்தது, நிம்மதியாக வந்தேன். அந்த ஆறு மில்லி தகடுதான் அடுத்த செலவுகள் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

பிராக்கெட் உடையாமல் பலமாகிவிட்டதால், அதுவரை பிராக்கெட் வாங்கிக்கொண்டிருந்த அடி இன்ஜின் தலைக்குப் போனது. இதை இப்போது எழுதுகிறேன், அப்போது எனக்குப் புரியவில்லை. பத்து நாளில் ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் டப் டப்பென்று வெடிக்க ஆரம்பித்தது. கார்பரேட்டர் டியூனிங் என்று நினைத்து இரண்டு நாள் அதை நோண்டினேன். உண்மையில் இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து வரும் பெண்ட் பைப் இன்ஜின் தலையோடு சேரும் இடத்தில், கசிவை அடைக்கும் கேஸ்கெட் விலகி, அந்த இடுக்கில் வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோலைக் குழாய்க்குள் கொளுத்திக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் குழாயைத் தலையோடு பிடிக்கும் ஃபிளான்ஜ் தகட்டைச் சுற்றி அடுப்புக்கரி மாதிரி புகைக்கறை படிந்திருந்தது தெரிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீரை ஃபிளான்ஜில் தடவி, ஸ்டார்ட் செய்து, சைலன்சரின் வால் முனையை ஈரத்துணியால் சில நொடி லேசாக அடைத்துப் பாருங்கள். கசிவு இருந்தால் நுரை பொங்கும். திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். வண்டி சூடேறும் முன் முடித்துவிடுங்கள்.

கசிவைப் பார்த்ததும் 13 ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கினேன். அரைச் சுற்று இறுகியது, பிறகு வெண்ணெய் மாதிரி லேசாகச் சுற்றியது. அந்த உணர்வு கையில் இன்னும் இருக்கிறது. இறுக்கம் கூடாமல் நட்டு சுற்றினால் நிறுத்திவிட வேண்டும், நான் இன்னும் கால் சுற்று கொடுத்தேன். ஸ்டட் இன்ஜின் தலைக்கு உள்ளேயே முறிந்தது. பழைய சூட்டில் பல வருடம் வெந்த ஸ்டட், அதன் மேல் ஒரு மாதமாகக் குழாயின் எடையை வேறு தாங்கியிருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் 300 ரூபாய்க்கு எடுத்துத் தருகிறேன் என்று நடுவில் துளை போட்டு முறிந்ததைத் திருகி எடுக்கும் ஈசி அவுட் என்ற கருவியை இறக்கித் திருகினார். ஈசி அவுட்டும் உள்ளே முறிந்தது. அது கெட்டியான கருவி எஃகு. சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிப் பக்கத்தில் இருக்கும் அலுமினியத்தைத்தான் தின்னும். நான் அன்றிரவு சாப்பிடவில்லை. வண்டியை வந்த விலைக்கு விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

முறிந்த ஸ்டட் யாருக்காவது இருந்தால், நான் தெரிந்துகொண்ட வரிசை இது. ஸ்டட் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளேயே வெல்டு போட்டு நிரப்பி, சூடு இருக்கும்போதே முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து எடுப்பதுதான் முதல் முயற்சியாக இருக்க வேண்டும். வெல்டின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். மரை நன்றாக இருக்கும் முழு ஸ்டட் என்றால் இரண்டு நட்டுகளை ஒன்றோடு ஒன்று இறுக்கிப் பூட்டி, உள்நட்டைத் திருகினால் போதும். அதற்கு முந்தைய நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், காலையில் இன்ஜின் தலையைச் சூடு செய்யுங்கள். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் சூட்டில் பிடி தளரும். உள்ளே முறிந்த பிறகு ஈசி அவுட் என்று யாராவது ஆரம்பித்தால், வேண்டாம் என்று சொல்லி வண்டியை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

நான் அப்படித்தான் கோயம்புத்தூர் கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். வண்டியை ஏற்றிக் கொண்டுபோன டெம்போவுக்கு 900. அங்கே இருந்த மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முறிந்த ஸ்டட்டை அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். நேராகப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிராக்கெட்டில் போல்ட்டைச் சுற்றி அதிர்வைத் தாங்க இருக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது ரப்பர் புஷ்ஷைக் கட்டை விரல் நகத்தால் அழுத்தினார். நகம் பதியவே இல்லை. ஸ்பேனரால் தட்டினார், டக்கென்று கல்லைத் தட்டிய சத்தம்.

"இத மாத்துனியா கண்ணு?"

"இல்லீங்க மாஸ்டர். அது உடையலையே."

"அது உடையாதப்பா. அது செத்துப்போச்சு. செத்ததுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம் உடையுது. ரெண்டு தடவ வெல்டு வெச்சீங்களே, ஏன் உடையுதுன்னு ஒருத்தரும் ரோசன பண்ணுலியா?"

போல்ட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் சைலன்சர் தானாக ஒரு விரல்கடை கீழே இறங்கி, வெளிப்பக்கமாகவும் விலகி நின்றது. "பாத்தியா, இவ்வளவு தூரம் இழுத்துப் புடிச்சுக் கட்டியிருக்குது" என்றார். ஜாக்கி வைத்து முட்டுக்கொடுத்து வெல்டு செய்தபோது அந்த இழுவை அப்படியே உள்ளே உறைந்துவிட்டது. வண்டி நிற்கும்போதுகூட, இரவும் பகலும், பிராக்கெட் குழாயை மேலே இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த இழுவையின் மறுமுனை ஸ்டட்.

பிறகு அவர் காட்டியதுதான் எனக்கு நெஞ்சில் அடித்தது. ரப்பர் புஷ்ஷுக்கு நடுவில் ஒரு இரும்புக் காலர், அதாவது சின்னக் குழாய்த்துண்டு, இருக்க வேண்டும். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இறுக்கத்தைக் காலர்தான் தாங்கும், ரப்பர் நசுங்காமல் சுற்றிலும் மெத்தை மாதிரி நிற்கும். என் வண்டியில் காலர் இல்லை. இரண்டு வருடம் முன்பு பக்கவாட்டுப் பைகளுக்கு ஸ்டே (பையைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) மாட்டியபோது, சைலன்சர் போல்ட்டையே கழற்றி, அதே துளையில் நீளமான போல்ட்டைப் போட்டு ஸ்டேயின் காலையும் சேர்த்து இறுக்கியிருந்தார்கள். காலர் இடைஞ்சலாக இருந்திருக்கும், தூக்கிப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கே ரப்பர் நசுங்கி இறுகிவிட்டது. அதன் மேல் என் பைகளின் பத்துப் பன்னிரண்டு கிலோவும் சைலன்சர் புஷ் மேலேயே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கவாட்டுப் பை மாட்டியிருக்கும் எல்லோரும் அந்த ஸ்டேயின் கீழ்க்கால் எந்தப் போல்ட்டில் போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சைலன்சர் போல்ட்டில் போனால் அதைப் பிரித்து, சட்டத்தில் தனி இடம் கொடுக்க வேண்டும். எனக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தால் அட்டகட்டியில் அந்த மாலை நடந்தே இருக்காது.

அந்தச் சின்ன ரப்பருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரும்புக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு 100 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 1.2 மில்லி நீளும். இன்ஜின் தலையிலிருந்து பிராக்கெட் வரை முக்கால் மீட்டர், சூடு சராசரியாக 300 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 2.7 மில்லி நீட்சி. ஒரு முனை தலையில் பூட்டியிருக்கிறது, மறுமுனையில் ரப்பர் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அந்த 2.7 மில்லியும் எதையாவது வளைத்தே தீரும். அதிர்வு இன்னொரு பக்கம். 3,000 ஆர்பிஎம்மில் ஒற்றை பிஸ்டன் நொடிக்கு 50 முறை வண்டியை உலுக்கும். ஒரு மணி நேரத்தில் 1,80,000 உலுக்கல். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போலத்தான் இதுவும், கொஞ்சம் கொஞ்சமாக. வெல்டின் ஓரம், தகடு தடிப்பு மாறும் இடம், இப்படிப்பட்ட இடங்களில்தான் விரிசல் முளைக்கும். தடித்த தகடு வைத்தது விரிசலை நிறுத்தவில்லை, இடம் மாற்றியது.

இனி சரியாகச் செய்த வேலை. சிலிண்டர் தலையைக் கழற்றி மாட்டக் கூலி 1,800. மாஸ்டர் தனக்குத் தெரிந்த டூல் ரூம் என்னும் கருவிப் பட்டறைக்கு அனுப்பி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷனில் அந்த ஈசி அவுட்டைப் பொடிப்பொடியாக எரித்து எடுக்க வைத்தார், 1,500. ஊர் கோயம்புத்தூராக இருந்ததால் இது ஒரே நாளில் முடிந்தது. இரண்டு துளைகளுக்கும் ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் வைத்து மரையைப் புதுப்பிக்க, ஸ்டட்டுகளோடு 700. கேஸ்கெட்டுகள் 450. ஆறு மில்லி தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, பழைய அளவிலேயே மூன்று மில்லியில் புதிய பிராக்கெட் செய்து, குரோமை அரைத்து எடுத்துவிட்டு, ஆர்கான் வெல்டிங் செய்ய 900. சைலன்சர் தகடு மெல்லியது, சாதாரண ராடு வெல்டிங்கில் ஓட்டை விழும், அதனால் ஆர்கான்தான் கேட்க வேண்டும். குரோம் மேலேயே வெல்டு வைக்க விடாதீர்கள், வெல்டு பிடிக்காது, அந்தப் புகை நுரையீரலுக்கு மிகக் கெடுதல். புஷ் இரண்டு, 180 ரூபாய். என் மாடலுக்குப் புஷ் தனியாகக் கிடைக்கவில்லை, வெர்னியர் அளவுகோலில் வெளி விட்டம், உள் விட்டம், உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போய் வேறு வண்டியினுடையதைப் பொருத்தமாக எடுத்தேன். காலர் லேத்தில் கடைந்தது, 150. ரப்பரின் உயரத்தை விடக் காலர் ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் போல்ட் இறுகும்போது ரப்பர் லேசாக அழுந்திப் பிடித்துக்கொள்ளும். மாஸ்டர் அதை மூன்று முறை கடைந்து கடைந்து பார்த்தார்.

மாட்டும் வரிசைதான் எல்லாவற்றையும் விட முக்கியம். முதலில் எல்லாம் தளர்வாக. புதிய கேஸ்கெட்டை வைத்து, பெண்ட் பைப்பை ஏற்றி, ஃபிளான்ஜ் நட்டுகளைக் கையால் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்டட் மரையில் காப்பர் கிரீஸ் கொஞ்சம். பிறகு சைலன்சர் போல்ட்டைப் புஷ் வழியாகக் கையாலேயே தள்ள வேண்டும். வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நெம்பித்தான் போகிறது என்றால் அங்கேயே நிறுத்தி, பிராக்கெட்டின் துளையையோ வாஷரையோ சரிசெய்ய வேண்டும். அடுத்து ஃபிளான்ஜ் நட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கி, அதன் பிறகு இடையில் இருக்கும் கிளாம்ப், கடைசியில்தான் சைலன்சர் போல்ட். பலரும் பின்னால் முதலில் இறுக்கிவிட்டு முன்னால் வருவார்கள். அப்படிச் செய்தால் குழாய் எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பிராக்கெட் முடிவு செய்துவிடும், கேஸ்கெட் கோணலாக அழுந்தும். இறுக்கும் அளவை வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்து இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் செய்யுங்கள், அலுமினியத்தில் கை அளவு நம்பகமில்லை.

எல்லாம் கூட்டினால் 8,980 ரூபாய், ஏழு வாரம். இதில் புஷ்ஷும் காலரும் மட்டும் 330. பணத்தை விட, அந்த ஏழு வாரமும் வண்டி மேல் வைத்த நம்பிக்கை போய் ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டுக்கொண்டு இருந்ததுதான் எனக்குப் பெரிய இழப்பு.

முன்கூட்டியே கண்டுபிடிக்க நான் இப்போது செய்வது இவ்வளவுதான். வண்டி ஆறியிருக்கும்போது சைலன்சரின் வாலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்கிறேன். லேசாகக் கொடுத்துத் திரும்ப வந்தால் புஷ் உயிரோடு இருக்கிறது. கல்லாக நின்றால் இறுகிவிட்டது, டொக்கென்று ஆடினால் கிழிந்துவிட்டது. பிராக்கெட்டைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரி சிவப்புப் பொடி தெரிந்தால் இரும்பு இரும்போடு உரசுகிறது என்று அர்த்தம். விரிசல் சந்தேகம் இருந்தால் மாஸ்டர் சொன்ன வழி. அந்த இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸை உரசிப் பொடி பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே ஊறி, வெள்ளைப் பொடி மேல் கறுத்த கோடாக எழும். பழைய பிராக்கெட் துண்டில் அவர் எனக்குச் செய்து காட்டினார். கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில், தலைமுடி அளவில் ஒரு கோடு மெல்ல ஊர்ந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு நீண்டது. அந்த ஆறு மில்லி தகடும் உடையும் தறுவாயில்தான் இருந்திருக்கிறது.

முதல் சூடு ஏறி ஆறிய பிறகு ஃபிளான்ஜ் நட்டுகளை மறுபடி பார்த்தேன், இரண்டும் கொஞ்சம் இடம் கொடுத்தன. புது கேஸ்கெட் அழுந்தினால் அப்படித்தான் ஆகும். 500 கி.மீ.க்குப் பிறகு பார்த்தபோது அசையவில்லை. போன மாதம் அதே சாலையில் வால்பாறை போய்வந்தேன், பைகள் நிறைய சாமானோடு, இப்போது தனி ஸ்டேயில். எழுபதிலும் ஃபுட்ரெஸ்டில் கால் மரக்கவில்லை. வீடு வந்து வண்டி ஆறியதும் சாக்பீஸ் பூசிப் பார்த்தேன். பொடி வெள்ளையாகவே இருந்தது.